பிறைப் புட்டியின் ஊதா

என் வீட்டுத் தெற்கு ஜன்னலில் ஒரு கோலி சோடாப் புட்டி நிற்கிறது. பச்சைக் கண்ணாடி. கழுத்துக்குக் கீழே ஒரு பிறை, கண்ணாடியிலேயே வார்த்தது. காலை வெயில் அதன் மேல் விழும்போது உள்சுவரில் ஊதா நிறத்தில் ஒரு படலம் தெரியும். யாரோ உள்ளே ஊதிவிட்டு, அந்த மூச்சு காயாமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பூச்சாடி என்று நினைத்துக்கொண்டு, "ஏன் வெறுமனே வச்சிருக்கீக, ஒரு பூ வைக்கலாம்ல?" என்பார்கள். "உள்ள கெடக்குறதெல்லாம் பொணம், பூ போட்டா ஒரு கூடை பத்தாது" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். நான் சொன்னது நிஜம். அந்த ஊதாப் படலம் முழுக்கச் செத்த கிருமிகள். செத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் பிடித்த பிடியை விடாதவை.

புட்டி என்னுடையது அல்ல. சோடாக்கடையில் நின்று குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. பாய் கடையில் யாராவது புட்டியும் கையுமாக நாலு அடி நகர்ந்தாலே, "ஏய், என் பிறை எங்க போகுது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அப்படிப்பட்ட மனிதர் இந்த ஒரு புட்டியை மட்டும் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரிப் பரிசோதனைச்சாலையில் அட்டெண்டராக இருந்தேன். பெயர்தான் அட்டெண்டர், வேலை கண்ணாடி கழுவுவது. மேற்கே மானாவாரிக் காட்டில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த என் அண்ணன்மார், "ஏனம் கழுவுறதுக்கு வில்லாபுரத்து வீட்லருந்து சைக்கிள்ல வேற போறியாக்கும்" என்பார்கள். "நீங்க மண்ணுல உள்ளத எடுக்குறீக, நா கண்ணாடில உள்ளத எடுக்குறேன், அம்புட்டுதான் வித்தியாசம்" என்பேன். சும்மா இருக்கிற வாய் எனக்கு வாய்க்கவில்லை. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வேடிக்கைப் பேச்சு வரும். பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வேடிக்கை. என்னுடைய இந்தக் கோளாறை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் வரப்போகிற பாதிச் சேதம் அதனால் வந்தது.

மீதிப் பாதி பேராசிரியரால் வந்தது. ஒல்லியான மனிதர். கறுப்புக் கோட்டின் ஒரு பையில் சாக்பீஸ், இன்னொரு பையில் வறுத்த கடலை. யோசனையில் இருந்தால் பை மாறிப் போய்ச் சாக்பீஸைக் கடித்துவிட்டு, முகம் சுளிக்காமல் மென்றும் விடுவார். மற்றவர்கள் எல்லாம் கிருமி என்றால் காலரா, டைபாய்டு, தடுப்பூசி என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவருக்கு மட்டும் வேறொரு கேள்வி. ஒரே ஜாதிக் கிருமி ஒரு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு என்ன கழுவினாலும் வரமாட்டேன் என்கிறது, இன்னொரு கண்ணாடியில் ஒரு தடவை தண்ணீர் விட்டதும் மிதந்து போய்விடுகிறது. ஏன்? "கிருமியை விசாரிக்காதே, அது வளர்ந்த இடத்தை விசாரி" என்பார். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, சூட்டில் இருந்ததா குளிர்ச்சியில் இருந்ததா, தண்ணீர் நின்றதா அசைந்ததா, வயது எத்தனை நாள் என்று, பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். மாதத்துக்கு ஒரு தடவை, என் கையிலிருந்து ஏதாவது ஒரு குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பேஷ்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் மீதி இருபத்தொன்பது நாளும் கை தோல் உரிய உரியக் கழுவினேன். வருஷம் போகப் போக, அவருடைய குறிப்பேட்டில் பாதி என் கண் பார்த்ததாக ஆகிவிட்டது. என் பெயர் மட்டும் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஒரு நாள் எழுதுவார் என்று இருந்தேன்.

சோடாக்கடைப் பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய ஊருக்குள் பள்ளிவாசல் தெருவை ஒட்டி அவர் கடை. வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது அங்கே இறங்கி ஒரு நன்னாரிக் கலர் சோடா குடிக்காமல் நான் வீடு போனதில்லை. வெயில் காலத்தில் இரண்டு. குடித்துக்கொண்டே அரை மணி நேரம் அவரைச் சீண்டுவேன், அவர் என்னைச் சீண்டுவார். மாப்ள என்று அவர் கூப்பிட்டதில், என்னுடைய சொந்த மாமன்மார் கூப்பிட்டதைவிட நெருக்கம் இருந்தது. அவருக்குச் சுத்தம்தான் எல்லாம். தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் மூன்று மூன்று தடவை கழுவுகிற மாதிரிதான் புட்டியையும் கழுவுவார். "உள்ள போற தண்ணியும் பாக்கா இருக்கணும், அத வாங்குற புட்டியும் பாக்கா இருக்கணும் மாப்ள. இல்லாட்டி அது சோடா இல்ல, நஜீசு, வெறும் அசுத்தம்" என்பார். கீழத்தெருவில் இன்னொரு சோடாக்காரர் இருந்தார். அங்கே காலிப் புட்டிகள் வெயிலில் திறந்தபடி கிடக்கும், எறும்பு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். அந்தக் கடைப் பக்கம் பாய் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார்.

ஒரு கோடையில் பாய் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, கலர் போட்டு ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆயிருது. ஊத்துனா வெண்டிக்கா நறுக்குன மாதிரி நூலா வருது. மூணு நிக்காஹ்வுக்கு அனுப்பி மூணுலயும் தல குனிஞ்சுட்டேன்."

"கீழத்தெருக்காரருக்கும் இப்பிடித்தானா பாய்?"

"அதத்தான் கேக்காத. எறும்பு மொய்க்கிற அவன் கலரு தெளிவா இருக்கு."

புட்டியை வாங்கி விரலை விட்டுப் பார்த்தேன். கோலி உட்காருகிற இடுக்குக்கு மேலே விரல் நின்றுவிடும். பிரஷ்ஷும் அங்கேயேதான் நிற்கும். உள்ளே கழுவ வேண்டுமென்றால் சலவைச் சோடாவும் பருமணலும் வெந்நீரும் போட்டுக் குலுக்குவது ஒன்றுதான் வழி. அந்த இடுக்கின் விளிம்பில் விரல் நுனிக்கு ஒரு வழவழப்பு தட்டுப்பட்டது. பேராசிரியரிடம் கொண்டு போகலாம் என்று நான்தான் சொன்னேன். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிரஷ் படாத கண்ணாடி அவருக்குக் கிடைத்தால் புதையல் மாதிரி. ஒரு பெரிய "பேஷ்" வரும்.

பாய் வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, ஒரு கூடை நிறையப் பிறைப் புட்டிகளோடு கல்லூரிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஐயா, ஊருல என் பிறையத் தெரியாத ஆள் கெடயாது. இது வெளிய போச்சுன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். பேராசிரியர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், உங்க பேர் என் வாயிலிருந்து வராது. நம்புங்க." பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் நம்பியது பேராசிரியரின் கையை அல்ல, என் தலையாட்டலை.

முதல் நாள் அந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பேராசிரியர் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பாசிமணி கோத்த மாதிரி சங்கிலி சங்கிலியாக, திருவிழாக் கூட்டம். அது அந்தப் புட்டிக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷமாகத் தினம் ஒன்று, வெயிலில் இரண்டு என்று அதைக் குடித்தவன் நான். அன்று வீட்டுக்குப் போய் நாக்கை ரத்தம் வரும் வரை வழித்தேன். பல்லைக் கரியால் மூன்று தடவை தேய்த்தேன். மூன்று நாள் சுக்குத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு நீளமான சோடாப் புட்டியாகவே என்னை நினைத்துக்கொண்டு, உள்ளே படலம் வளர்கிறதா என்று இரவும் பகலும் கவனித்தேன். என் மனைவி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "இத்தன வருசம் ஒட்டாததா இன்னைக்கு ஒட்டப் போகுது? ஒங்க வயித்துல எது நின்னுருக்கு?" என்றாள். அறிவியலில் அவ்வளவு தெளிவான பதிலைப் பேராசிரியரே சொன்னதில்லை. அந்தக் கிருமி ஆளுக்கு ஒன்றும் செய்யாது, கலரைத்தான் கெடுக்கும் என்று அவர் நாலாம் நாள் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வேளை சாப்பாடாவது மிஞ்சியிருக்கும்.

பிறகு வேலை ஆரம்பித்தது. புட்டிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தமாக்கி, எல்லாவற்றிலும் அதே கிருமியை விட்டோம். சிலவற்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு, சிலவற்றில் வெறும் தண்ணீர், சிலவற்றில் பாகைத் தண்ணீர் விட்டு நீர்த்துப் போகச் செய்தது. பாதிப் புட்டிகள் ஜன்னலோரம் சூட்டில், பாதி ஈரமணலில் குளிர்ச்சியாக. சிலவற்றை அசையாமல் வைத்தோம், சிலவற்றை மணிக்கொரு தடவை நான் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் என்று எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, ஒரே அளவு தண்ணீரில் மூன்று தடவை அலசுவோம். பிறகு ஊதாச் சாயம் ஊற்றி, திரும்ப அலசுவோம். ஒட்டிக்கொண்டிருக்கிற கிருமி மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி தெளிந்து வந்தால் ஒன்றும் ஒட்டவில்லை. ஊதா நின்றால் ஒட்டியிருக்கிறது. என் பத்து விரலும் ஊதா. மனைவி நான் பிசைந்த சாதத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடவில்லை.

கெட்டிப் பாகில் கிருமி வளரவே இல்லை. அத்தனை தித்திப்பில் அதனால் உயிரோடு இருக்க முடியவில்லை. வெறும் தண்ணீரில் பேருக்கு நாலு ஒட்டியது. ஆட்டி வைத்ததிலும் குளிர்ச்சியில் வைத்ததிலும் கொஞ்சம் ஒட்டி, அலசலில் பெரும்பாலும் போனது. முதல் நாள் எடுத்ததில் எல்லாமே போனது. நீர்த்த சர்க்கரைத் தண்ணீரில், சூட்டில், அசையாமல், நாலு நாள் நின்ற புட்டியில் மட்டும் இடுக்கைச் சுற்றி ஊதா அப்பிக்கொண்டு நின்றது. மூன்று தடவை அலசினோம், முப்பது தடவை அலசினோம், மணல் போட்டும் குலுக்கினோம். போகவில்லை. பிறகு நான் வீட்டுக்கு எடுத்து வந்து ஜன்னலில் வைத்திருப்பது அந்தப் புட்டிதான்.

"சரிப்பா, பாய் கடையில நீர்த்த சர்க்கரை எங்கேருந்து வருது?" என்றார் பேராசிரியர். அதற்குப் பதில் சொன்னது நான். மறுநாள் பாய் கடையின் பின்கட்டில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். குடித்துத் திரும்பி வந்த ஒவ்வொரு காலிப் புட்டியிலும் பாய் தன் கையாலேயே ஒரு உள்ளங்கை தண்ணீர் விட்டு, நிமிர்த்திப் பெட்டியில் அடுக்கினார். ஏன் என்று கேட்டேன். "அடியில கலர் காஞ்சு பிடிச்சுக்கிரும்ல மாப்ள. ஈரமா இருந்தாத்தான் வியாழக்கெழம கழுவுறப்ப லேசா வரும். எங்க அத்தா காலத்துலருந்து இப்பிடித்தான்." வாரம் ஒரு நாள்தான் கழுவுவது. அதுவரை நாலைந்து நாள், தகரக் கூரைக்குக் கீழே, ஒவ்வொரு புட்டிக்குள்ளும் அடியில் கிடந்த கலரோடு ஒரு உள்ளங்கை தண்ணீர். கீழத்தெருக்காரர் தண்ணீர் விடாமல் சோம்பேறித்தனமாகப் போட்டுவைத்ததால் அவர் புட்டியில் பாகு வெயிலில் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. எறும்புக்கு அது விருந்து, கிருமிக்குப் பட்டினி. பாயைக் கெடுத்தது அவருடைய சுத்தம்.

இதை அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது. "சுத்தம் பண்றதாலயா அசுத்தம் வருது? ஒங்க அய்யாவுக்கு மூள கலங்கிருச்சா?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, திரும்பி வந்த புட்டியை அன்றன்றைக்கே கொதிநீரில் கழுவ ஆரம்பித்தார். இரண்டே வாரம். கலர் தெளிந்துவிட்டது. அன்று எனக்கு அவர் திறந்து கொடுத்த நன்னாரிக் கலரை அப்படியே வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாரு மாப்ள, மக்கத்து ஜம்ஜம் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பேஷ்" என்றார். குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பெயர் இல்லை.

அந்த மழைக்காலத்தில் ஊருக்குள் ஒரு மண்டபத்தில் சுகாதாரத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பேச அவரை அழைத்தார்கள். மேஜிக் லாந்தர் போட்டுப் படம் காட்டிப் பேசுவது அப்போது பெரிய புதுமை. விளக்குக்கு முன்னால் கண்ணாடித் தகட்டைச் சொருகினால் எதிரே கட்டிய வேட்டியில் படம் விழும். சொருகுகிறவன் நான். "சார், பாய் கடைச் சங்கதி எதுவும் வராதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஏம்ப்பா, என்னை நம்ப மாட்டியா?" என்றார். நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, பாயையும் அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தேன். "ஒங்க புண்ணியத்துல சார் பெரிய ஆளாகப் போறாரு, வந்து பாருங்க பாய்" என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அவர் நிக்காஹ்வுக்குப் போடுகிற சால்வையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பேராசிரியரே காகிதத்தில் சுற்றி எண் போட்ட தகடுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஈ, சாக்கடை, கிணறு, கொசு என்று வரிசையாக வந்தது. லாந்தரில் தகட்டைத் தலைகீழாகச் சொருகினால்தான் படம் நேராக விழும். அந்தப் பழக்கத்தில் கை பாட்டுக்குக் காகிதத்தைப் பிரித்துச் சொருகிக்கொண்டிருந்தது. இருட்டில் கையில் இருப்பது என்ன என்று பார்க்கவில்லை. ஒன்பதாவது தகட்டைச் சொருகிவிட்டு நிமிர்ந்தேன். வேட்டி முழுக்க ஒரு பச்சைப் புட்டி. ஆள் உயரத்துக்குப் பிறை. அதைச் சுற்றி ஊதாச் சாயம் தீட்டிய படலம்.

ஊரில் அந்தப் பிறையைத் தெரியாதவன் இல்லை. "அட, நம்ம பாய் புட்டி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தகட்டை உருவினேன். எடுத்துவிட வேண்டியதுதானே? மூளை எடு என்றது, கை திருப்பிச் சொருகியது. அதுவும் தப்பாக. இப்போது வேட்டியில் புட்டி தலைகீழாக நின்றது. கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் என் வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. "உள்ள இருக்கவன் குடிச்சிட்டு ஆட்டம் போடுறான், அதான் புட்டி தல குப்புற நிக்குது" என்றேன். கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. முன் வரிசையில் சால்வை அசையவில்லை.

யாரோ ஒரு வக்கீல் எழுந்து, "இந்த விஷயத்தை எப்படி ஐயா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு கனிவு இருந்தது. இன்றைக்கும் அதுதான் என்னை வதைக்கிறது. என் பக்கம் கையை நீட்டி, "இதுல என் பங்கு கொஞ்சம்தான். புட்டியைக் கொண்டு வந்ததும், அந்தக் கடைக்குள்ளேயே போய் உட்கார்ந்து குற்றம் எங்கேன்னு பார்த்து வந்து சொன்னதும் நம்ம உதவியாளர். பெருமை அவருக்குத்தான் சேரணும்" என்றார். பெயரையும் சொன்னார். என் பெயரை. முழுதாக, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. ஆறு வருஷம் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேனோ அந்தச் சொல் வந்தது. கூட்டம் கை தட்டியது. கை தட்டினால் கும்பிட வேண்டும் என்று பழகிய கை, தானாக எழுந்து கும்பிட்டது.

பாய் எழுந்தார். சால்வையைச் சரி செய்தார். என்னைக் கடந்து போகும்போது, தினமும் கடையிலிருந்து கிளம்பும்போது நான் அவரிடம் சொல்லிக்கொள்கிற அதே தொனியில், "வாரேன் மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் பேராசிரியரிடம் போனேன். இரவெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கடலை மென்றுகொண்டிருந்தார்.

"சார், வாக்குக் குடுத்தீங்களே."

"அவர் பேரை நான் சொன்னேனா?"

"பிறை இருந்துச்சே சார்."

"ஏம்ப்பா, ஒரு கடைக்காக இந்தப் பாடத்தை ஊருக்குச் சொல்லாம இருக்க முடியுமா? எத்தனை வீட்டுல தண்ணி ஊத்தி ஊறப் போட்டுவச்சு இதே தப்பைப் பண்றாங்க. படம் தெளிவா இருக்க வேண்டாமா? அந்தப் புட்டியிலதான் நல்லா ஒட்டியிருந்தது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் பேரையும் சொல்லிட்டேன், சந்தோஷம்தானே?" என்றார்.

தயார் செய்த பேச்சில் ஒரு வரிகூட வரவில்லை. வந்தது இதுதான்: "அடுத்த தடவ மாலையும் போட்ருங்க சார், ஒரேயடியா முடிஞ்சிரும்." அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பாய் தப்பைத் திருத்திக்கொண்ட சங்கதியையாவது ஊருக்குச் சொல்லியிருக்கலாமே, அந்தக் கலர் இப்போது தெளிவாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டார்.

பாய் கடைக்குப் போக மூன்று நாள் ஆயிற்று. சைக்கிளில் தெருமுனை வரை போவேன், மணி அடிக்காமல் திரும்பிவிடுவேன். ஒரு நாள் அதே தெருவை ஏழு தடவை சுற்றியதில், முனையில் நின்ற போலீஸ்காரர் என்னைச் சைக்கிள் திருடன் என்று நினைத்து விசாரித்தார். நாலாம் நாள் போனேன். கடை திறந்திருந்தது. ஆள் இல்லை. எப்போதும் கூட்டம் நிற்கிற இடத்தில் ஒரு ஆடு நின்றது. பாய் கொதிக்கிற அண்டாவிலிருந்து புட்டிகளை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரும் குடிக்காத புட்டிகள். முந்தின நாள் கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாப்ள. அந்தப் படம் இருக்குன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிரே நிற்கிறவர் நம்பத் தயாராகத்தான் கேட்டார். ஆனால் பயம் முந்திக்கொண்டது. "தெரிஞ்சிருந்தா தலகீழா சொருகியிருப்பேனா பாய்?" என்றேன். நிஜம்தான் அது. ஆனால் சிரிப்போடு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு வச்சிருக்க" என்றார். "அன்னைக்கும் சிரிக்க வச்ச. கும்பிட்ட."

"கை தானா எந்திரிச்சிருச்சு பாய்."

"என் புட்டில தண்ணி ஊத்துனதும் கை தானாத்தான் ஊத்துச்சு. அதுக்காக யாரும் என்னய விட்டாகளா?"

பிறகு ஒரு சோடாவை உடைத்தார். எனக்கு என்றுதான் கை நீட்டினேன். அவர் அதை ஒரு பித்தளை டம்ளரில் ஊற்றி, டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, புட்டியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு டம்ளர்தான், பிறைப் புட்டி என் கைக்கு வராது. ஊரில் எல்லோரும் புட்டியில் குடிப்பார்கள். நாலைந்து மாதத்தில் கூட்டமும் திரும்பி வந்தது. கலர் நன்றாக இருந்தால் ஊர் மறந்துவிடும். எனக்கு மட்டும் டம்ளர். நான் போகாமல் இருந்தாலும் இருக்கலாம். ஆனால் போனேன், இத்தனை வருஷமும்.

பேராசிரியரை விட்டு நான் விலகினேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை இன்னும் எட்டு வருஷம் அவருக்கே கண்ணாடி கழுவினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பார்க்கிறேன். அவர் என்னை ஒரேயடியாகத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தால் திகட்டிப் போய் விலகியிருப்பேன். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் வேறு பிழைப்புத் தேடி மிதந்து போயிருப்பேன். மாதத்துக்கு ஒரு "பேஷ்" என்று, நீர்த்துப்போன சர்க்கரையைச் சூடு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். நானும் அசையாமல் இருந்தேன். அவர் பாடத்தில் இல்லாத எதையும் நான் செய்துவிடவில்லை. அவர் எந்தத் தண்ணீரில் வளர்ந்தார், அந்தக் கைதட்டல் அவருக்கு எத்தனை வருஷத்துப் பசி என்பதையும் விசாரித்திருக்கலாம். அவர் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். ஆனால் அந்த நியாயத்தை அவருக்கு வழங்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

யுத்தமெல்லாம் முடிந்து, நானும் பாதி ஆயுளைத் தாண்டிவிட்டேன். பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. போன மாதம் ஒரு மத்தியானம், கடும் வெயிலில் போய் நின்றேன். பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, டம்ளரை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. ஒரு நன்னாரிக் கலரை எடுத்து, கட்டை விரலால் கோலியை அமுக்கித் திறந்து, புட்டியோடு என்னிடம் நீட்டினார்.

"குடி மாப்ள. வெயிலா இருக்கு."

வாங்கினேன். கண் கலங்கியது. கண் கலங்கினால் எனக்குப் பயம் வரும், பயம் வந்தால் வாய் திறக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாயை மட்டும்தான் காவல் காத்தேன். கையை மறந்துவிட்டேன். இருபது வருஷம் கண்ணாடி கழுவிய கை, புட்டியை வாய்க்குக் கொண்டு போகும் முன்னால் தானாக வெயிலுக்கு நேரே தூக்கி, இடுக்கைச் சுற்றி ஏதாவது தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தது.

தெளிவாக இருந்தது. ஒரு மாசு இல்லை.

"பாத்துக்க மாப்ள" என்றார் பாய். "நல்லாவே பாத்துக்க."

ஒரே மூச்சில் குடித்தேன். மூக்கு வழியாகப் பாதி வந்தது. இருமி, தும்மி, கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது அவர் அடுத்த ஆளுக்குச் சோடா உடைத்துக்கொண்டிருந்தார். காலிப் புட்டியை வாங்கக் கையை மட்டும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் புட்டியை எடுத்து, சலவைச் சோடாவும் கொதிநீரும் மணலும் போட்டு, கை ஓயும் வரை குலுக்கினேன். கழுவிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு எண்ணம். ஊதா கொஞ்சம் வெளுத்தது. இடுக்கைச் சுற்றி மட்டும் போகவில்லை. திரும்ப ஜன்னலிலேயே வைத்துவிட்டேன்.

நேற்றுக் கடைக்குப் போயிருந்தேன். டம்ளர் வந்தது.